கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்காத கவுன்ட்டர்

தமிழக அரசு தரும் ஓய்வூதியங்களில் ஒன்று, கல்யாணம் ஆகாத ஏழைப் பெண்களுக்கானது. அதை வாங்க 50 வயது ஆகியிருக்க வேண்டும். இனி இவளுக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்று முடிவான பிறகுதான் அப்படி ஒருத்தி இருப்பதையே அரசாங்கம் ஒப்புக்கொள்கிறது என்று அதற்குப் பொருள். இன்னொரு சட்டத்திலும் இதே 50 வருகிறது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 21 வயதைத் தாண்டிய, 50-ஐத் தொடாத எந்தப் பெண்ணும் கருத்தரிப்பு மையத்துக்கு வந்து சிகிச்சை கேட்கலாம் என்கிறது. தம்பதிக்கு இருக்கும் உரிமை தனியாக வரும் பெண்ணுக்கும் உண்டு. ஆக, பிள்ளைக்கான கதவு மூடும் அதே பிறந்தநாளில் பென்ஷனுக்கான கதவு திறக்கிறது. முதல் கதவு இத்தனை நாளும் திறந்துதான் இருந்தது என்ற சேதி மட்டும் கடத்தூர் பக்கம் இன்னும் வந்து சேர்ந்த மாதிரி தெரியவில்லை.

தருமபுரி மாவட்டத்தில் கடத்தூர் ஒரு பேரூராட்சி. தருமபுரி, பொம்மிடி, அரூர் என்று நாலாபக்கமும் பஸ் போகும் ஊர். குழந்தைத் திருமணச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் மாவட்டம் இது. பதினேழு வயதுப் பெண்ணின் கல்யாணத்தை அதிகாரிகள் வந்து நிறுத்தினார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு, 38 வயதில் கல்யாணமாகாத பெண்ணை இங்கே யார் கண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நம் சிற்றூர்களில் தெருவுக்கு ஒருத்தியாவது இருக்கிறாள். அப்பா திடீரென்று போய்விட, தம்பி தங்கைகளைக் கரையேற்ற வேலைக்குப் போனவள். ஜாதகத்தில் செவ்வாய் என்று பத்து வருஷம் தட்டிக்கழிக்கப்பட்டவள். போட்ட நகை போதாதென்று நிச்சயத்தோடு நின்றுபோனவள். கட்டியவன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பாமலே போக, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவள். கல்யாணமே வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னவளும் உண்டு, அதை யாரும் நம்புவதில்லை.

இவர்களில் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். வயது 38, மாதச் சம்பளம் வரும் வேலை, அம்மாவோடு ஒரே வீடு, பக்கத்துத் தெருவில் அண்ணன் குடும்பம். கல்யாணம் போகட்டும், ஒரு பிள்ளை மட்டும் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுகிறது. யாரிடம் போய்க் கேட்பாள்? கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாக வருவார், ஆனால் அவருடைய பதிவேடு கல்யாணத்தில்தான் தொடங்குகிறது. மகப்பேறு மருத்துவரிடம் மாதவிடாய்க் கோளாறு என்று போனாலும் முதல் கேள்வி 'கல்யாணம் ஆயிடுச்சாம்மா?' என்பதுதான். ஆகவில்லை என்றதும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். குழந்தைப் பேறு பற்றி நம் ஊரில் நடக்கும் அத்தனை உரையாடலும், கருத்தரிப்பு மைய விளம்பரங்கள் உட்பட, 'கல்யாணமாகி எத்தனை வருஷம்?' என்றே ஆரம்பிக்கின்றன. அதனால் சொல்லவேண்டிய நேரத்தில் அவளுக்கு யாரும் சொல்லாமல் போன கணக்கு ஒன்று இருக்கிறது.

பெண் குழந்தை பிறக்கும்போதே பத்திலிருந்து இருபது லட்சம் சினைமுட்டைகளோடு பிறக்கிறது. வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம் மிஞ்சும். புதிதாக ஒன்றுகூட உருவாகாது, இருப்பது குறைந்துகொண்டே வரும். எண்ணிக்கையோடு தரமும் இறங்குகிறது என்பதுதான் பெரிய சங்கதி. 30 வயதில் ஒரு மாதத்தில் இயல்பாகக் கரு தங்க ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. 40-ல் அது இருபதில் ஒன்று. 40-ல் தங்கும் கருக்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கலைந்துவிடுகிறது. டவுன் சிண்ட்ரோம் 25 வயதுத் தாய்க்கு ஆயிரத்துச் சொச்சம் பிரசவத்தில் ஒன்று, 35-ல் சுமார் 350-க்கு ஒன்று, 40-ல் நூற்றுக்கு ஒன்று. இவற்றைச் சொன்னால் பயமுறுத்துவதாகக் கோபப்படுவார்கள். 38 வயதுப் பெண்ணுக்கு இதைச் சொல்லாமல் மறைப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

'அதான் டெஸ்ட் டியூப் இருக்கே' என்பது அடுத்த சமாதானம். தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை 1990-ல் சென்னையில், மருத்துவர் கமலா செல்வராஜின் கைவண்ணத்தில் பிறந்தது. அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் ஐ.வி.எஃப். முட்டையின் வயதைக் குறைப்பதில்லை. சிகிச்சை மையங்களைக் கறாராகக் கணக்கெடுக்கும் பிரிட்டனில், சொந்த முட்டையில் உருவான கருவைச் செலுத்தினால் 35-க்குக் கீழே உள்ள பெண்களுக்கு மூன்றில் ஒன்று குழந்தையாகிறது. 40-ஐ ஒட்டி அது பத்தில் ஒன்று அளவுக்கு இறங்குகிறது, 43-க்கு மேல் இன்னும் கீழே. நம் ஊர் விளம்பரப் பலகைகளில் குண்டுக் குழந்தை சிரிக்கும், வயது வாரியான கணக்கு இருக்காது. மையத்துக்குப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது அதைத்தான்: என் வயதுக்காரர்களுக்கு இங்கே எத்தனை குழந்தை பிறந்து வீட்டுக்குப் போயிருக்கிறது?

சேலம் மாதிரி நகரத்துத் தனியார் மையத்தில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் ஆகும். ஒரே சுற்றில் முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது. பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி, நடுவில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன், பிறகு மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது. கடத்தூரிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய்வர ஒரு பகல் போய்விடும். அத்தனை லீவுக்கும் ஆபீஸில் காரணம் சொல்ல வேண்டும். வயிறு உப்பிக்கொண்டு, கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டு, இதைத் தனியாகச் செய்ய வேண்டும். அதற்கு முன்னால், சுமார் இரண்டாயிரம் ரூபாயில் ஏ.எம்.ஹெச். என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. எத்தனை முட்டை மிச்சம் என்று உத்தேசமாகச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 30, 32 வயதில் இதைச் செய்துகொண்டு முட்டையை உறைய வைத்தால் பத்து ஆண்டு வரை வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் அந்த வயதில் இதை யார் சொல்வது? சொன்னால் 'அபசகுனம்' என்பார்கள்.

விந்து, பதிவு பெற்ற வங்கியிலிருந்துதான் வரவேண்டும். தெரிந்த பையன், தூரத்துச் சொந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் கொடுத்தது ஒரு தம்பதிக்கோ ஒரு பெண்ணுக்கோ மட்டும்தான் போகும். கொடுத்தவருக்குக் குழந்தை மேல் எந்த உரிமையும் கிடையாது, குழந்தை சட்டப்படி அந்தப் பெண்ணின் சொந்தக் குழந்தை. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, ஊர் கேட்கப்போகிற முதல் கேள்வி எது என்று நமக்குத் தெரியும்: 'எந்தச் சாதிக்காரனோ?' சட்டத்தில் பதில் இல்லாத கேள்வி அது. இருக்கவும் வேண்டாம்.

முட்டையும் தானமாக வேண்டியிருந்தால் விவகாரம் கனமாகிறது. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடமிருந்து பலமுறை முட்டை எடுத்து விற்ற வழக்கில் பெற்ற தாயே கைதானாள். வயதைக் கூட்டிக் காட்ட ஆதாரில் கைவைத்திருந்தார்கள். இன்றைய சட்டப்படி முட்டை தருபவர் 23-லிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம். நாற்பதைத் தாண்டிப் பிள்ளை கேட்டு வருகிறவளின் ஆசைக்கு, எங்கோ ஓர் ஏழைப் பெண்ணின் உடம்பு விலையாகிவிடக் கூடாது. இதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அவள் பொறுப்புதான்.

முன்னுதாரணமே இல்லாமல் இல்லை. நடிகை ரேவதி தன் மகள் ஐ.வி.எஃப். முறையில் தனக்குப் பிறந்தவள் என்று 2018-ல் வெளிப்படையாகச் சொன்னார். மண முறிவுக்குப் பிறகு, நாற்பதைத் தாண்டி எடுத்த முடிவு அது. மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் நடிகை பாவனா ராமண்ணா கல்யாணம் செய்துகொள்ளாமலே 40 வயதில் இரட்டையரைச் சுமப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தார். சில மருத்துவர்கள் மறுத்த பிறகே ஓர் இடத்தில் சிகிச்சை கிடைத்ததாகவும் சொன்னார். பெங்களூரில், புகழ் பெற்ற ஒருவருக்கே அந்த நிலை. குறைமாதத்தில் பிரசவம் ஆகி, இரட்டையரில் ஒன்று தங்கவில்லை, ஒரு பெண் குழந்தை பிழைத்தது. ஜூலைச் செய்தி தலைப்பில் வந்தது, செப்டம்பர்ச் செய்தி உள்ளே வந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 35 வயதுக்கு மேல் முதல் பிரசவம் என்றாலே அதிக ஆபத்துக் கர்ப்பம் என்று குறித்து, தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவது சும்மா இல்லை.

வாடகைத்தாய் வழி நம் 38 வயதுக்காரிக்கு அடைப்பு. அதே 2021-ல் வந்த இன்னொரு சட்டம், 35-லிருந்து 45 வயதுக்குள் உள்ள விதவைக்கும் விவாகரத்தானவளுக்கும் அனுமதி தந்துவிட்டு, கல்யாணமே ஆகாதவளை வெளியே நிறுத்திவிட்டது. 44 வயதுப் பெண் ஒருவர் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் இதைக் கேட்டபோது, திருமணம் என்ற அமைப்பைக் காக்க வேண்டும் என்ற தொனியில்தான் அமர்வின் கருத்துகள் வந்தன. தத்தெடுக்கலாமே என்றும் சொல்லப்பட்டது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு சட்டங்களில் ஒன்று கல்யாணத்தைப் பற்றிக் கேட்பதில்லை, மற்றது கேட்காமல் விடுவதில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்றால் யாரிடமும் உருப்படியான விளக்கம் இல்லை.

தத்து என்று பேசும்போது தருமபுரியின் பழைய கதை குறுக்கே வந்து நிற்கிறது. இந்த 38 வயதுப் பெண் பிறந்தது 1980-களின் கடைசியில். சேலம், தருமபுரி வட்டாரங்களில் இரண்டாவதாக, மூன்றாவதாகப் பிறந்த பெண் சிசுவுக்கு எருக்கம்பால் கொடுத்த காலம் அது. 1992-ல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே சொன்னது. 2001-ல் அது மதுரை, தேனி, திண்டுக்கல்லோடு தருமபுரிக்கும் வந்தது. மாநிலம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அப்படி வந்து சேர்ந்தன, பெரும்பாலானவை பெண். மாவட்டத்தில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லாமல் இருந்த நிலை, 2011 கணக்கெடுப்பில்தான் அந்தக் கோட்டைத் தாண்டியது. அதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். கருவிலேயே பார்த்துச் சொல்லும் திருட்டு ஸ்கேன் கும்பல்கள் தருமபுரி வட்டாரத்தில் இந்தச் சில ஆண்டுகளிலும் பிடிபட்டிருக்கின்றன.

தொட்டிலில் வந்த குழந்தைகள் தத்துப் போயின. இன்றைக்கு அந்தக் கணக்கு தலைகீழ். நாட்டில் 2024-25-ல் சட்டப்படி தத்துக் கொடுக்கப்பட்டவை 4,515 குழந்தைகள், காத்திருப்பவர்களோ முப்பதாயிரத்துக்கும் மேல். கைக்குழந்தைக்கு மூன்று ஆண்டுக்கு மேலும் ஆகிறது. தத்துப் போவதில் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளே அதிகம். வேண்டாம் என்று விடப்பட்ட அதே பெண் சிசுவுக்காக இப்போது வரிசை நிற்கிறது.

இந்தக் கவுன்ட்டரில் கல்யாணம் பற்றிக் கேட்பதில்லை. தனியாக இருக்கும் பெண் ஆணையும் எடுக்கலாம், பெண்ணையும் எடுக்கலாம். (தனியாக இருக்கும் ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது.) கேட்பது வயதை மட்டும். 2022 விதிமுறைகளின்படி, தனியாக எடுப்பவருக்கு 40 வயது வரை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை. 45 வரை என்றால் இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தை. 50 வரை நான்கிலிருந்து எட்டு, 55 வரை அதற்கும் மேல். ஆக, 38-ல் இருப்பவளுக்குக் கைக்குழந்தைக் கதவு மூட இரண்டே வருஷம். ஐ.வி.எஃப். செய்து பார்ப்போம், இல்லாவிட்டால் தத்து என்று ஒன்றன் பின் ஒன்றாக வைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மூன்று சுற்று முடித்து, கையிருப்பு கரைந்து, 42 வயதில் வந்து நிற்கும்போது கைக்குழந்தை இல்லை என்று இணையதளம் சொல்லும். மூன்று வயதுப் பிள்ளையை எடுத்து வளர்க்கவும் தனி மனசு வேண்டும். அதற்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருந்திருக்கும், ராத்திரியில் அழும், காரணம் சொல்லத் தெரியாது. முடியும் என்றால் அந்தப் பிள்ளைகளுக்கான வரிசை சிறியது.

பதிவு ஆன்லைனில். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். 2022 செப்டம்பரிலிருந்து நீதிமன்றத்துக்குப் போகவேண்டியதில்லை, தத்து ஆணையை ஆட்சியரே தருகிறார். இவ்வளவு அலைச்சல் எதற்கு, 'நமக்குத் தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்க' என்று ஒருவர் நிச்சயம் வருவார். ராசிபுரத்தில் 2019 ஏப்ரலில் வெளியான ஆடியோ நினைவிருக்கலாம். நிறத்துக்கு ஒரு விலை, எடைக்கு ஒரு விலை என்று குழந்தையைப் பேரம் பேசிய முன்னாள் செவிலியர் கைதாகி, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அப்படி வாங்கும் குழந்தை என்றைக்கும் உங்கள் குழந்தை ஆகாது. போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போகும்.

பிள்ளை எந்த வழியில் வந்தாலும் அடுத்து வருவது காகிதம். இதில் ஊர் பயப்படும் அளவுக்கு இப்போது மோசமில்லை. கணவரைப் பிரிந்து, தானமாகப் பெற்ற விந்து மூலம் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு, திருச்சி மாநகராட்சி, சிகிச்சையின்போது உதவிய ஒருவரின் பெயரைத் தந்தை என்று பிறப்புச் சான்றிதழில் போட்டுக் கொடுத்தது. நீக்கச் சொன்னால், திருத்தத்தான் முடியும், நீக்க முடியாது என்றார்கள். 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லி உத்தரவிட்டது. அதற்கு வழிவிட்டது, தந்தை யாரென்று சொல்லும்படி தாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு. பாஸ்போர்ட்டுக்கு 2016-லிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். பான் கார்டிலும் அப்படியே. இனிஷியலுக்கு அம்மா பெயரின் முதலெழுத்தைப் போடலாம். தாலுகா ஆபீஸில் சாதிச் சான்றிதழுக்குப் போகும்போதுதான் 'அப்பாவோட சர்ட்டிபிகேட் எங்கம்மா?' என்று இழுப்பார்கள். அதற்குக் கொஞ்சம் செருப்புத் தேய வேண்டும்.

உண்மையாகவே உறுத்துவது வேறொன்று. மாநில அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து மகப்பேறு விடுப்பு 12 மாதம். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் விதியில் 'திருமணமான' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. குடவாசல் நீதிமன்றத்தில் வேலை பார்த்த ஒரு விதவை மறுமணம் செய்து கருவுற்றபோது, திருமணப் பதிவு இல்லை என்று விடுப்பை மறுத்தார்கள். பதிவுச் சான்று கேட்கவேண்டியதில்லை என்று கண்டித்த சென்னை உயர் நீதிமன்றம், 2025 மார்ச்சில் அவருக்கு ஒரு லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவர் பக்கம் தாலியாவது இருந்தது. கடத்தூரில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, சட்டப்படி சிகிச்சை பெற்று, கல்யாணமில்லாமல் கருவுற்று விடுப்புக் கடிதம் நீட்டினால் தலைமை ஆசிரியர் என்ன செய்வார்? தனியார் நிறுவனங்களுக்கான 26 வார விடுப்புச் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. அரசு விதியில் அதை எடுக்க ஓர் அரசாணை போதும். யாராவது ஒருத்தி நீதிமன்றம் போகும்வரை காத்திருக்கத்தான் போகிறார்களா?

ஊர்ப் பேச்சுக்கு வருவோம். அப்பா இல்லாமல் சடங்கு சம்பிரதாயம் எப்படி என்பார்கள். யோசித்துப் பார்த்தால், நம்முடைய சடங்குகளில் அப்பாவுக்கு வேலை மிகக் குறைவு. முதல் முடி எடுப்பதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில். பெண் பிள்ளை பெரியவளானால் முதல் சீர் தாய்மாமனுடையது. கல்யாண முகூர்த்தத்திலும் அவர் வந்தாக வேண்டும். அப்பா பெயர் கட்டாயம் என்று பிடித்துக்கொண்டு நின்றது பள்ளிக்கூடமும் தாலுகா ஆபீஸும்தான், குலதெய்வக் கோயிலில் அப்படி ஒரு பாரம் கிடையாது. தங்கை பிள்ளையை மடியில் வைக்க அண்ணன் சம்மதித்துவிட்டால் ஊர் வாய் பாதி அடைந்துவிடும்.

'கடைசிக் காலத்துல உன்ன யாரு பார்ப்பா?' என்று பிள்ளை பெறச் சொல்பவர்களும் உண்டு. இதைவிட மோசமான காரணம் கிடையாது. 40-ல் பிறக்கும் பிள்ளைக்கு, அவள் 60-ல் ஓய்வு பெறும்போது 20 வயது. கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய வயது, தாயைத் தாங்கும் வயது இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் சிகிச்சைக்கு ஆகும் பணத்தை வைப்பில் போடலாம். பிள்ளை வளர்க்க ஆசை என்றால் மட்டும் இந்தப் பாதை. வேண்டாம் என்று முடிவெடுப்பவளும் எதையோ இழந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அண்ணன் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டி, காய்ச்சலில் பக்கத்தில் படுத்து, அத்தையாகவே இரண்டு பேரை ஆளாக்கிய பெண்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர்.

வேண்டும் என்று முடிவெடுப்பவளுக்குத் தத்து விண்ணப்பத்தில் ஒரு காகிதம் இருக்கிறது. தனியாகத் தத்தெடுப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவினர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐ.வி.எஃப். மையத்தில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும், எந்த வழியில் போகிறவளும் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் முன்னால் இந்தக் காகிதத்தை வாங்கிவிடுவது நல்லது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அண்ணன் யோசிக்காமல் போட்டுக் கொடுத்துவிடுவார். சாயங்காலம் நான்கு மணிக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, முகம் கழுவிவிட்டு, பால் ஆற்றிக் கொடுக்கப்போவது அவர் இல்லை, அண்ணி. கேட்க வேண்டியது அவரிடம். அதுவும் அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.